பிள்ளையின் வகுப்பறையை பெற்றோர் நேரில் பார்க்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல" என்பதுதான் பல வீடுகளில் வரும் பதில். ஆனால், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தால் பெற்றோருக்கு மனசு கேட்காது. ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று போனால், கேட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இதில் பெற்றோருக்கு என்ன உரிமை இருக்கு?

நேராக உள்ளே போக முடியுமா?

2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், நினைத்த நேரத்தில் வகுப்பறைக்குள் போய் உட்காரும் உரிமை தனிப்பட்ட பெற்றோருக்கு தரப்படவில்லை. தலைமை ஆசிரியரின் அனுமதி வேண்டும். அதற்காக பெற்றோர் கை கட்டி நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. அதே சட்டம் வேறு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது.

என்னென்ன வழிகள்?

* பிரிவு 24: பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றி பெற்றோரை முறையாகக் கூட்டிப் பேசுவது ஆசிரியரின் கடமை. அது ஆசிரியர் செய்யும் சலுகை அல்ல.

* பிரிவு 21: அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்எம்சி) கட்டாயம். உறுப்பினர்களில் 4-ல் 3 பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதே இந்தக் குழுவின் முதல் வேலை. மத்திய அரசின் மாதிரி விதிகள்படி மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும்.

* அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எஸ்எம்சி உண்டு. ஆனால், 2012 திருத்தத்துக்குப் பிறகு அங்கே ஆலோசனை மட்டும்தான் சொல்ல முடியும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே பள்ளி நிர்வாகத்தின் முடிவுதான்.

சிசிடிவியில் பார்க்கலாமா?

வகுப்பறைக் காட்சியை பெற்றோர் செல்போனிலேயே நேரலையாகப் பார்க்கும் திட்டத்தை டெல்லி அரசு 2019-ல் தொடங்கியது. மற்ற மாணவர்கள், ஆசிரியர்களின் தனியுரிமை என்னாவது என்ற கேள்வி எழுந்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

கழிவறைகள் தவிர வகுப்பறை உட்பட எல்லா இடங்களிலும் சிசிடிவி கட்டாயம் என்று 2025 ஜூலையில் சிபிஎஸ்இ உத்தரவிட்டது. குறைந்தது 15 நாள் பதிவை வைத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் அதைப் பார்ப்பது அதிகாரிகள்தான். பெற்றோருக்கு நேரலை என்று அதில் இல்லை. ஆனால், சந்தேகம் வந்தால் குறிப்பிட்ட தேதி, நேரத்தின் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேட்பது நல்லது. தாமதித்தால் பதிவு போய்விடலாம்.

எப்படி கேட்பது?

* தலைமை ஆசிரியருக்கு கடிதம் கொடுங்கள். எந்த வகுப்பு, எதற்காகப் பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். ஒரு நகலில் கையெழுத்து, தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

* அனுமதி கிடைத்தால் பின் வரிசையில் அமைதியாக உட்காருங்கள். செல்போனில் வீடியோ எடுக்காதீர்கள். அங்கே இருப்பது உங்க பிள்ளை மட்டும் இல்லை.

* மறுத்தால், பிரச்சினையை எஸ்எம்சி கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் எழுப்பலாம்.

அடி, மிரட்டல் என்று தெரிந்தால்?

மாணவர்களை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் பிரிவு 17 தடை செய்கிறது. பிரிவு 32-ன் கீழ் எழுத்துப்பூர்வமாக புகார் கொடுத்தால், 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பாலியல் தொல்லை என்ற சந்தேகம் இருந்தால், வகுப்பைப் பார்க்க அனுமதி கேட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே காவல் நிலையத்தையோ, குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ அணுக வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளி தொடர்பான மற்ற புகார்களுக்கு பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசலாம்.