நாஞ்சிலும் உளியும்

கற்பக மரங்கள் வளம் குன்றிய காலத்தில், பிழைக்கும் வழி அறியாது திகைத்த மக்கள் நாபிராயரை நாடினர். அவர் அவர்களை விருஷபதேவரிடம் அனுப்பினார். ஆதிபகவன் அம்மக்களுக்கு அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார் என்று ஸ்ரீபுராணம் உரைக்கும். வாள், எழுத்து, உழவு, கலை, வணிகம், கைவினை என்பன அவை. இவ்வாறில் உழவும் கைவினையும் ஒரே இல்லத்தின் இரு கைகளாய் நின்றமைக்குத் தமிழகத்தின் தென்கோடி நல்லதொரு சான்றாகும்.

நாஞ்சில் என்பது கலப்பையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் அடங்கிய நிலப்பகுதியே நாஞ்சில் நாடு. பழையாறும் எண்ணற்ற குளங்களும் ஊட்டிய இம்மண்ணில் ஆண்டுக்கு இருபோகம் நெல் விளைந்தது. கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டி அறுவடையாவது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியை ஒட்டி அறுவடையாவது கும்பப்பூ. 1906-ல் பேச்சிப்பாறை அணை நிறைவுற்றபின் பாசனம் மேலும் உறுதிப்பட்டது. கலப்பையின் பெயரைத் தாங்கிய இந்நாட்டிலும் இதன் மேற்கெல்லைக்கு அப்பாலும் சமணம் ஒரு காலத்தில் வேரூன்றி நின்றது.

பொன்னும் நிலமும்

மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் சிதறால் ஊரையொட்டி எழுவது திருச்சாரணத்து மலை. இயற்கையாய் அமைந்த பாறைக் குடைவின் முகப்பில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஐந்தலை நாகம் குடைபிடிக்க நிற்கும் பார்சுவநாதரும், சிங்கத்தோடும் மைந்தரோடும் விளங்கும் அம்பிகா இயக்கியும் அவற்றுள் சிறப்புடையவர்கள். அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டொன்று ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்தியார், திருச்சாரணத்து மலைப் பட்டாரியார்க்குப் பொன்னணிகள் அளித்த செய்தியை அது தெரிவிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் துறவி அளித்த கொடை அது. அந்தப் பொன்னை அணியாக்கியவன் பெயர் கல்லில் இல்லை. அவன் கைவண்ணமே கொடையாயிற்று.

நாகர்கோவில் நாகராஜர் ஆலயத்துச் சான்றுகள் நிலத்தைப் பற்றியவை. அவ்வாலய மண்டபத் தூண்களில் மகாவீரர், பார்சுவநாதர், பத்மாவதி ஆகியோரின் உருவங்கள் இன்றும் உள்ளன. கொல்லம் 681 முதல் 697 வரையிலான, அதாவது கி.பி. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குரிய கல்வெட்டுகள் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணப் பெரியோரைக் குறிப்பிடுவதோடு, கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களையும் கூறுகின்றன. சமணப் பள்ளிகளுக்கு இவ்வாறு விடப்பட்ட நிலத்தைத் தமிழ்க் கல்வெட்டுகள் பள்ளிச்சந்தம் என்று வழங்கும். அந்நிலத்தை உழுதவரின் விளைச்சலால் விளக்கெரிந்தது, பூசை நடந்தது, பண்டிதர் ஓதினர்.

ஆக, சிதறாலில் சிற்பமும் நாகர்கோவிலில் கிருஷியும் அறத்தைத் தாங்கின.

இல்லத்தின் இரு கைகள்

இவ்விரு தொழில்களும் ஊர்ப்புறத்தில் எவ்வாறு இணைந்து நடந்தன? நெல் ஆண்டுக்கு இருமுறையே களம் வந்து சேரும். இடைப்பட்ட மாதங்களில் வயலில் வேலை குறையும். கையில் காசும் குறையும். அவ்விடைவெளியைக் கைவினை நிரப்பிற்று. தென்னையும் பனையும் தந்த ஓலை கீற்றாகவும் பாயாகவும் பெட்டியாகவும் முடையப்பட்டது; நார் கயிறாயிற்று. உழவு தொடங்குமுன் கொல்லரும் தச்சரும் கொழுவையும் கலப்பையையும் செப்பனிட்டனர். அறுப்புக்கு முன் அரிவாள் தீட்டினர். அவர்தம் கூலி களத்துமேட்டில் நெல்லாக அளக்கப்பட்டது. திருவிதாங்கூர் அரசில் ஊழியத்திற்கு ஈடாக நிலம் வழங்கும் விருத்தி முறையும் இருந்தது. கைவினைக்கு வேலை வாராத மாதத்தில் நிலம் சோறிட்டது. மழை பொய்த்த ஆண்டில் கைவினை காத்தது.

நாகராஜர் ஆலயக் கருவறையே இதற்குச் சாட்சி. அதன் மேற்கூரை இன்றும் ஓலையால் வேயப்படுகிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. கல்லாலான தூண்கள் நூற்றாண்டுகளாய் நிற்க, கருவறைக்கு நிழல் தருவதோ தோட்டத்து ஓலையும் அதை வேயத் தெரிந்த கைகளுமே.

நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் கோயில் நகைத் தொழில் குடும்பத் தொழிலாய்த் தொடர்கிறது. வெள்ளித் தகட்டில் கூடு அமைத்து, அரக்கு நிரப்பி, கெம்புக்கல் பதித்து, பொன்ரேக்கு ஒட்டிச் செய்யப்படும் நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் முதலியன தெய்வத் திருமேனிகளையும் பரத நாட்டிய மகளிரையும் அணிசெய்கின்றன. இத்தொழில் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. மயிலாடியில் கல் தச்சர் குடும்பங்கள் கருங்கல்லில் திருவுருவங்கள் வடிக்கின்றன.

உழவும் அகிம்சையும்

மண்ணைக் கீறினால் சிற்றுயிர்கள் மாயுமே, உழவன் எவ்வாறு சமணனாவான் என்னும் வினா பழமையானது. நிலத்தைப் பிளக்கும் தொழில்களைத் தவிர்க்கத்தக்க கர்மாதானங்களுள் வைத்தெண்ணும் சாத்திர மரபும் உண்டு. ஆயினும் நம் ஆசாரியர்கள் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நால்வகையாகப் பகுத்தனர். கொல்லவேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்பியை இல்லறத்தான் முற்றிலும் விலக்கவேண்டும். நேர்மையான தொழிலில் தவிர்க்க முடியாது நேரும் உத்தியோகி இம்சையை அவன் கூடியமட்டும் குறைத்துக்கொள்ளவேண்டும். இதனாலன்றோ வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் தமிழ்ச் சமணர் ஏர்பிடித்தும் நோன்பு வழுவாது, பொழுது சாயுமுன் உண்டு வாழ்ந்தனர்!

அவ்வுழவர் இல்லங்களில் மசித் தொழிலும் நிலைத்தது. பகலில் வயலும் ஓய்வில் எழுத்தாணியுமாய் வாழ்ந்தவர்கள் ஏடுகளைப் படியெடுத்துப் பேணினர்; சாத்திரதானம் செய்தனர். 1887-ல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கச் சமணக் குடும்பத்தாரின் ஏடுகளும் விளக்கங்களும் பெருந்துணை புரிந்தன.

எஞ்சியது எது?

நாஞ்சில் நாட்டில் சமணக் குடும்பங்கள் மறைந்தன. திருச்சாரணத்து மலை 13-ஆம் நூற்றாண்டளவில் பகவதி கோயிலாயிற்று. நாகராஜர் ஆலயமும் வைதிக வழிபாட்டிடமாயிற்று. விடப்பட்ட நிலங்களும் அளிக்கப்பட்ட பொன்னும் அறத்தை அங்கு நிலைநிறுத்தப் போதவில்லை. வடதமிழகத்திலோ, அரசர் கொடைகள் அற்றுப்போன பின்னும் சமணம் வாழ்ந்தது. அங்குச் சிறு நிலமும் அதனை உழுத குடும்பமும் ஜினாலயத்தைச் சூழ்ந்து நின்றமையே அதன் காரணங்களுள் தலையாயது. கல்வெட்டு கொடையைக் காட்டும்; குடும்பமே அறத்தைக் காக்கும்.

இன்று நம் இளைஞர் கல்வி கற்று நகரங்களில் உயர்ந்துள்ளனர், அது போற்றத்தக்கது. வித்தையும் வாணிகமும் ஆதிபகவன் அருளிய ஆறில் அடங்கியவையே. ஆனால் ஊர்களில் பூட்டிய வீடுகள் பெருகுகின்றன. பல ஜினாலயங்களில் நித்திய பூசைக்குச் சில குடும்பங்களே எஞ்சியுள்ளன. விற்கப்படும் காணி ஒவ்வொன்றும் அவ்வூருக்குத் திரும்பிவரும் காரணம் ஒன்றைக் குறைக்கிறது. ஊரில் ஒரு காணியையேனும் குத்தகைக்கு விட்டாவது காத்துக்கொள்வதும், விழா நாள்களில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்நிலத்தையும் வீட்டிலுள்ள ஏட்டையும் காட்டுவதும் இயலாதவை அல்ல.

சிதறால் மலையேறும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பார்சுவநாதரை வணங்கியபின் ஒரு கணம் கீழே விரியும் தென்னந்தோப்புகளையும் நோக்கவேண்டும். அங்கே நிலம் இருக்கிறது; தொழில் இருக்கிறது. நம் குடும்பங்கள்தாம் இல்லை. வடக்கே நம் ஊர்களுக்கும் அந்நிலை வாராது காப்பது இத்தலைமுறையின் கடமை.