இரு கொடிகளின் கீழ் ஒரு நாடு

“கொண்டோமினியம்” என்னும் ஆங்கிலச் சொல்லை இந்நாட்டில் அறியாதார் இலர். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வானளாவி நிற்கும் அடுக்குமாடி வீடுகளின் வாயிற்பலகைகளில் அச்சொல்லே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும், அதற்கு வேறொரு பொருள் உண்டென்பதை ஆங்கிலப் பள்ளியில் பயின்று தோட்டத்துக் கிராணி வேலைக்கு வந்த என் போன்றாருள்ளும் அறிந்தவர் மிகச் சிலரே. இலத்தீன் மொழியில் “கொன்” என்றால் உடன். “டொமினியும்” என்றால் உடைமை. மாடிப்படியும் மின்தூக்கியும் எல்லா வீட்டாருக்கும் பொதுவாதல் போல, ஒரு நாடு முழுவதும் ஒரே காலத்தில் இரண்டு அரசுகளுக்குப் பிரிவுபடாத உடைமையாய் இருத்தலையே சர்வதேசச் சட்டம் இச்சொல்லாற் குறிக்கின்றது.

இதனை “இரட்டையாட்சி” என்று பெயர்த்துவிடுதல் பொருந்தாது. சென்னை மாகாணத்தில் 1920 முதல் 1937 வரை நடந்ததே இரட்டையாட்சி. அங்கே அதிகாரம் பங்கிடப்பட்டிருந்தது. கல்வியும் சுகாதாரமும் விவசாயமும் மந்திரிகளிடம். போலீசும் நிலவரியும் கவர்னர் தரப்பினரிடம். எந்த இலாகா என்று தெரிந்தால் யாரைக் கேட்பதென்றும் தெரிந்துவிடும். கொண்டோமினியத்திலோ பங்கீடே கிடையாது. இருவரும் முழுமைக்கும் உடையவர்கள். “இணையாட்சி” என்று இதனை வழங்கலாமென்பது எமது கருத்து. சூடானில் 1899 முதல் 1956 வரை பிரிட்டனும் எகிப்தும் இவ்வாறு ஆண்டதாகப் பெயர். உண்மையில் ஆண்டது பிரிட்டனே. பெயருக்கு ஏற்றவாறு இணையாட்சி நடந்த இடம் பசிபிக் மாகடலில் உள்ளது.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ எண்பது தீவுகள். 1774இல் காப்டன் குக் அவற்றிற்கு நியூ ஹெப்ரிடீஸ் என்று பெயரிட்டார். ஆங்கிலேயப் பாதிரிமாரும் பிரெஞ்சுக் கொப்பரை வியாபாரிகளும் அங்கே குடியேறினர். விட்டுக்கொடுக்க எவ்வரசுக்கும் மனமில்லை. அத்தீவுகளுக்காகப் போர் செய்யவும் மனமில்லை. ஆகவே 1906இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் எழுதினர். தீவுவாசிகளை ஒருவரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தலைநகராகிய விலாவில் ஆங்கிலேய ரெசிடெண்டு கமிஷனர் ஒருவர், பிரெஞ்சுக் கமிஷனர் ஒருவர். இரண்டு போலீசு, இரண்டு சிறைச்சாலை, இரண்டு நாணயம். இரு கொடிகளும் ஒரே உயரத்தில் பறத்தல் வேண்டும். வந்திறங்கும் பிற நாட்டான் ஒரு மாதத்திற்குள் ஆங்கிலச் சட்டம் வேண்டுமா, பிரெஞ்சுச் சட்டம் வேண்டுமா என்று தெரிவித்தாக வேண்டும். கடையிற் சட்டை பொறுக்குவதைப் போல! இருவருக்கும் பொதுவான நியாயஸ்தலத்தில் ஆங்கிலேய நீதிபதி ஒருவர், பிரெஞ்சு நீதிபதி ஒருவர். இவ்விருவர்க்கும் நடுவராக ஸ்பெயின் மன்னர் நியமிக்கும் தலைவர் ஒருவர். முதலில் வந்த தலைவருக்குக் காது மந்தமென்றும், இரு மொழிகளிலும் பழக்கம் குறைவென்றும் எழுதியிருக்கிறார்கள். 1931இல் ஸ்பெயினில் மன்னராட்சியே ஒழிந்தது. “கொண்டோமினியம்” என்பதைத் திரித்து, பெருங்குழப்பமெனப் பொருள்படும் “பாண்டமோனியம்” என்னும் பெயரால் வெள்ளையரே தம் ஆட்சியை நகையாடினர்.

நாமும் நகைக்கலாம். ஆனால் அத்தீவுகளின் தென்னந்தோட்டங்களில் உழைத்தவன் நகைத்திரான். ஆள்பிடிக்கும் விதிகளை மீறிய தோட்டக்காரனுக்குப் பொது நியாயஸ்தலம் அபராதம் விதிக்கும்; அதனை வசூலிக்க வேண்டியது அவனுடைய சொந்த அரசாங்கமே. வசூலியாவிடின் தீர்ப்பு காகிதத்தோடு நின்றது. 1920களில் பிரெஞ்சுத் தோட்டக்காரர் இன்றைய வட வியட்நாமாகிய டாங்கினிலிருந்து ஒப்பந்தக் கூலிகளையும் கொண்டுவந்து இறக்கினர். ஒரு தோட்டத்துக்கு இரு துரைமாராயின் செக்ரோலில் விழுந்த பிழையை எவரிடம் முறையிடுவது? முறையீடு ஒருவர் மேசையிலிருந்து மற்றவர் மேசைக்குப் போய்க்கொண்டே இருக்குமன்றோ!

இவை யாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. 1914இல் கையெழுத்தாகி, போரின் காரணமாக 1922இல்தான் உறுதியான இரண்டாம் உடன்படிக்கை, தீவுவாசி எவனும் பிரிட்டிஷ் பிரஜையாகவோ பிரெஞ்சுக் குடிமகனாகவோ ஆகக் கூடாதென்று விதித்தது. ஆங்கிலேயனுக்குக் குறை நேர்ந்தால் கேட்க லண்டன் இருந்தது. பிரெஞ்சுக்காரனுக்குப் பாரிஸ் இருந்தது. அம்மண்ணிற் பிறந்தவனோ சட்டப்படி எந்நாட்டானும் அல்லன். வெளிநாடு செல்ல வேண்டுமாயின் அவனிடம் இருந்தது பாஸ்போர்ட்டு அன்று. இரு கமிஷனர்களும் ஒப்பமிட்ட அடையாளக் காகிதமே. உடையவர் இருவர், ஆயினும் அவன் எவர்க்கும் உரியவனல்லன்! உரிமைகளை அணுவும் பிசகாமற் சரிசமமாக எழுதிக்கொண்ட அவ்விரு அரசுகள், பொறுப்பை எழுதிய பத்தி எங்கேயென்று தேடினால் அகப்படுவதில்லை. இந்நாட்டில் பிரஜா உரிமைக் காகிதமின்றிக் கந்தோர் கந்தோராய் அலைந்த முதியோரைக் கண்டவர்க்கு இதன் கடுமையை விளக்க வேண்டியதில்லை.

நிலமும் அவ்வாறே. வெள்ளையர் தமதென்று எழுதிக்கொண்ட பூமியைப் பதிவு செய்வதே பொது நியாயஸ்தலத்தின் பெரும் பணியாயிற்று. 1970களில் தீவுவாசிகள் கட்சி கட்டி விடுதலை கேட்டபோது அவர்களுடைய முதற் கோரிக்கைகளுள் நிலம் ஒன்று. 1980 ஜூலை 30ஆம் நாள் இரு கொடிகளும் இறக்கப்பட்டன. நாட்டின் பெயர் வனுவாட்டு என்றாயிற்று; வால்டர் லினி முதற் பிரதம மந்திரியானார். குடியரசின் நிலம் முழுவதும் மரபுவழி உடையவர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குமே உரியதென்று அவர்களுடைய அரசியற் சட்டத்தில் எழுதப்பட்டது.