ஆறு அங்குலத் தடம்

வானூர் வட்டத்தில் அரை நாளுக்குள் மூன்று விதமான தரையைப் பார்த்துவிடலாம். மேற்கே திருவக்கரைப் பக்கம் செம்மண்ணும் சரளையும். கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் மேடு அது. வடகிழக்கே கழுவெளியை நெருங்க நெருங்கக் களிமண். கிழக்கே பொம்மையார்பாளையத்துக் கடலோர மணல். சக்கரத்தின் அகலத்தைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அண்ணன் மகன் புதிதாக தார் எடுத்திருக்கிறான். கம்பெனி கொடுத்த டயர் 255 மில்லிமீட்டர், அதாவது பத்து அங்குல அகலம். அது போதாதாம். "இன்னும் அகலமாப் போட்டா எங்கேயும் புதையாதுல்ல, சித்தப்பா?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் மிகப் பழைய கேள்வி.

எவ்வளவு பழையது என்றால், இந்தப் பக்கத்து உப்பு வண்டிகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தோடு சேர்ந்தது. அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பார்கள். அங்கே இன்றும் உப்பளம் இருக்கிறது. உமணர்களின் வண்டி வரிசை அந்தப் பாட்டிலேயே வருகிறது. பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போய், உப்பு வண்டியின் சக்கரத்தையே தச்சர் கண்ணோடு பார்க்கிறது: முழவு மாதிரி குடம், அதில் இறங்கிய ஆரக்கால்கள், சுற்றி வட்டை. புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்றில், பள்ளமோ மேடோ எது வருமோ என்று பயந்து, மாற்று அச்சு ஒன்றை வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். ஸ்டெப்னி என்று நாம் சொல்வதை விட எனக்கு இந்தச் சொல் பிடிக்கும்.

நான் சின்ன வயதில் பார்த்த கட்டை வண்டிக்கும் அந்தச் சக்கரத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. வட்டைமேல் இரும்புப் பட்டா ஏறியிருந்தது, அவ்வளவுதான். பட்டாவை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, சக்கரத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பட்டாவின் அகலம் இரண்டு அங்குலத்துக்குள்தான். ஏன் இவ்வளவு ஒல்லி என்று வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "சேத்துல மெதந்தா மாடு எப்டிப்பா இழுக்கும்? கீழ போயி கெட்டியப் புடிக்கணும்" என்றார். வருஷா வருஷம் உழுது சேறாக்கிய நெல்வயலுக்கு அடியில் ஒரு கெட்டித் தட்டு உண்டு. ஒல்லிச் சக்கரம் சேற்றை அறுத்துக்கொண்டு அந்தத் தட்டில் போய் நிற்கும். அகலச் சக்கரமோ சேற்றை முன்னால் சுவர் மாதிரி தள்ளிக்கொண்டு போகும். அந்தச் சுவரை இழுப்பது மாடு.

ஆனால் வயலுக்கு நல்லது சாலைக்குக் கெடுதல். இரும்புப் பட்டா தரையைத் தொடுவது ஒரு கோடு அளவுதான். மொத்தப் பாரமும் அந்தக் கோட்டில். இங்கிலாந்தில் இதற்கு 1753-இல் சட்டமே போட்டார்கள்: சுங்கச் சாலையில் ஓடும் பார வண்டிக்குச் சக்கரம் ஒன்பது அங்குல அகலம் இருக்க வேண்டும். வண்டிக்காரர்கள் என்ன செய்தார்கள்? அகலமான சக்கரத்தைக் கூம்பு போலச் சரித்தும், நடுப்பட்டையைத் தூக்கி வைத்தும் செய்துகொண்டார்கள். அளந்தால் ஒன்பது அங்குலம். தரையைத் தொடுவது அதில் கொஞ்சம். ஷோ டயருக்கு அப்போதே முன்னோடி இருந்திருக்கிறது.

இந்த வழக்கைத் தீர்த்தது அகலம் இல்லை, காற்று. காற்றடைத்த சக்கரத்துக்கு ராபர்ட் தாம்சன் 1845-லேயே காப்புரிமை வாங்கினார். அது மறந்துபோய், 1888-இல் டன்லப் திரும்பக் கண்டுபிடித்தார். டன்லப் கம்பெனி 1936-இல் வங்காளத்துச் சாகாகஞ்சில் தொழிற்சாலை தொடங்கியது. மாட்டு வண்டிக்கென்றே 6.00-19, 7.00-19 என்று டயர்கள் வந்தன. நம்மூரில் அது டயர் வண்டி. கரும்பும் மணலும் அதில் போயின. ஆனாலும் சேற்று வயலில் இறங்கக் கட்டை வண்டி கொஞ்ச காலம் தங்கியிருந்தது.

அடுத்து வந்தது ஜீப். 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதற்குப் பிறகு, பி.டி.ஓ. ஜீப் கிராமத்துக்கு வந்த அரசாங்கத்தின் முகமாகவே ஆகிவிட்டது. அந்த வில்லிஸ் வகை ஜீப்பின் டயர் 6.00-16. ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம். இரண்டாம் உலகப் போரில் சேறு, மணல், பனி எல்லாம் பார்த்த அளவு அது. ரிம்மின் அகலம் வெறும் நாலரை அங்குலம். பின்னால் வந்த பல வண்டிகளின் 235/70 ஆர் 16 டயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 235-இல் 70 சதவீதம் பக்கச் சுவர், அது இரண்டு பக்கமும், நடுவில் ரிம்: மொத்த உயரம் 735 மில்லிமீட்டர், 29 அங்குலம். பழைய ஜீப் டயரும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். அகலம் மட்டும் ஒன்றரை மடங்கு.

இங்கேதான் அண்ணன் மகன் நம்ப மறுத்தான். ஆட்களோடு இரண்டு டன் வண்டி என்றால் ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ. டயரில் காற்று 30 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. வகுத்தால் தரையைத் தொடும் இடம் சுமார் 240 சதுர சென்டிமீட்டர். இதில் டயரின் அகலம் எங்கேயும் வரவில்லை. டயர் சுவரின் விறைப்பால் கணக்குக் கொஞ்சம் முன்னே பின்னே போகும். ஆனால் அகல டயர் குட்டையான தடம் பதிக்கும், ஒல்லி டயர் நீளமான தடம் பதிக்கும், பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பரப்பைக் கூட்ட வேண்டுமானால் காற்றை இறக்க வேண்டும். 15-க்கு இறக்கினால் தடம் இரண்டு மடங்கை நெருங்கும், அதுவும் பெரும்பாலும் நீளவாக்கில். மணலில் வண்டியைத் தூக்குவது அந்த நீளம். அகல டயர் ஜெயிக்கிற இடமும் உண்டு: அடியில் கெட்டியே இல்லாத ஆழச் சேறு.

ரிம் விஷயம் இன்னும் கறார். அவன் 255 டயரைப் பத்து அங்குல ரிம்மில் இழுத்துக் கட்டச் சொன்னான். அந்த டயருக்கு ஏற்றது ஏழிலிருந்து ஒன்பது வரை. அகல ரிம்மில் டயரின் சுவர் வெளியே விரிந்து நிற்கும். கல்லும் முள்ளும் முதலில் தொடுவது ரிம்மின் உதட்டைத்தான். காற்றை இறக்கும்போது டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும் ஆபத்தும் கூடும். ஒல்லி ரிம் என்றால் சுவர் வெளியே புடைத்து ரிம்மைக் காக்கும். ரொம்ப ஒல்லியானால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். கடைக்காரர் இதில் எதையும் சொல்லவில்லை, கலர் மட்டும் காட்டினார். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நான்தான் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

ரிம் காசில் பாதிகூட ஆகவில்லை. சிகரெட் லைட்டரில் சொருகும் காற்றுப் பம்பு ஒன்று, அழுத்தமானி ஒன்று வாங்கினான். போன ஞாயிற்றுக்கிழமை சவுக்குத் தோப்பு மணலில் 16-க்கு இறக்கி, அதே பத்து அங்குல டயரில் போய் வந்தோம். தார்ச் சாலை ஏறுவதற்கு முன் நான்கு டயருக்கும் திரும்பக் காற்றடிக்க இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. அதுதான் அவனுக்கு இப்போது குறை.