கணக்கப்பிள்ளையும் கோயில் தலைவரும்: மலாக்காத் தமிழரிடையே பொதுநிலைச் சமயத் தலைமை

மலேசியத் தமிழரின் சமய வரலாற்றை எழுதியோர் கோயில்களைப் பற்றியும் திருவிழாக்களைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். குருக்கள், பண்டாரம், பாதிரியார் ஆகியோரும் அவ்வெழுத்துகளில் ஓரளவு இடம்பெற்றுள்ளனர். ஆனால், சமயப் பணியையே தொழிலாகக் கொள்ளாமல், பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒரு வழிபாட்டுச் சபையைக் கட்டிக் காத்த மனிதரைப் பற்றி நாம் அறிந்தது குறைவு. கோயில் தலைவர், தருமகர்த்தா, உபதேசியார், சபை மூப்பர் எனப் பல பெயர்களில் வழங்கிய அவரை இக்கட்டுரையில் பொதுநிலைத் தலைவர் என்று குறிப்பிடுகிறோம். மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களையும் நகரங்களையும் களமாகக் கொண்டு, அவருடைய தலைமை எங்கிருந்து வந்தது, எதனால் நிலைத்தது, எதனால் தளர்ந்தது என நோக்குவதே நம் முயற்சி.

இத்தகைய தலைமையை முழு வடிவில் காண விரும்புவோர்க்கு மோர்மன் சபை நல்ல எடுத்துக்காட்டு. 1830இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தோற்றுவித்த இவ்வமைப்பு, ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை’ எனத் தன்னை அழைத்துக்கொள்கிறது. அதன் ஊர்ச் சபைகளில் ஊதியம் பெறும் போதகர் இல்லை. ஆசிரியரோ கடைக்காரரோ எழுத்தரோ ஒருவர் ஆயராகவோ கிளைத் தலைவராகவோ அழைக்கப்படுகிறார். மேலிடம் அழைக்கிறது, சபையார் கையுயர்த்தி ஏற்பளிக்கின்றனர். ஆண் உறுப்பினர் எல்லாரும் குருத்துவம் பெறக்கூடும் என்பதால் குரு, பொதுநிலையினர் என்னும் வேறுபாடே அங்கு மங்கிவிடுகிறது. (பெண்களுக்கு அக்குருத்துவம் இல்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.) ஏறத்தாழ ஐந்தாண்டு கழிந்தபின் ஆயர் விடுவிக்கப்பட்டு, மற்றவரோடு மற்றவராக மீண்டும் சபையில் அமர்கிறார். தமிழகத்தில் கோயம்புத்தூரில் 1960களில் இச்சபை வேர்கொண்டதும் உள்ளூர்த் தமிழர் ஒருவரின் முயற்சியால்தான். நமக்கு இங்கு வேண்டுவது அதன் கோட்பாடன்று. தலைவரை அமர்த்துபவர் யார், அவரை விடுவிப்பவர் யார் என்னும் இரு வினாக்களே. இவ்விரண்டையும் கையில் கொண்டு மலாக்காவுக்குத் திரும்புவோம்.

மலாக்காவோடு தொடர்புடைய மிகப் பழைய சான்று ஒன்று கடலுக்கு அப்பால், முத்துக்குளித்துறையில் தொடங்குகிறது. 1542இல் அங்குச் சென்ற பிரான்சிஸ் சவேரியார், பரதவர் ஊர்கள் பலவாகவும் குருக்கள் மிகச் சிலராகவும் இருக்கக் கண்டார். மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து தாமே மனப்பாடம் செய்து மக்களுக்குச் சொல்லித் தந்தார். ஓர் ஊரைவிட்டு நீங்கும்போது, எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர் மனிதர் ஒருவரிடம் அம்மன்றாட்டுகளை ஒப்படைத்துச் சென்றார். அம்மனிதருக்கு வழங்கிய பெயர் ‘கணக்கப்பிள்ளை’. மக்களைக் கூட்டி வேண்டுதல் சொல்லித் தருவதும், இறக்கும் நிலையிலுள்ள குழந்தைக்கு ஞானநீராட்டு அளிப்பதும் அவர் பொறுப்பாயின. போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று அக்கரையில் தண்டப்பட்டுவந்த 4000 பணத்தை இவர்களுடைய சிறு ஊதியத்திற்குத் தருமாறு சவேரியார் அரசிக்கே எழுதிக் கேட்டுப் பெற்றார் என்பது சுவையான செய்தி. 1545ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் மலாக்கா வந்தபோது இங்கும் அதே முறையில் மன்றாட்டுகளை மலாய் மொழியில் பெயர்க்கச் செய்தார்.

கணக்கு எழுதுபவரே மன்றாட்டைக் காப்பவராக ஆனது தற்செயலன்று. எழுத்தறிவும் ஊராரிடம் செல்வாக்கும் ஒருவரிடம் சேர்ந்திருந்த இடத்தில் சமயத் தலைமையும் போய்ச் சேர்ந்தது. இதே இணைப்பை மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர் மலாக்காவின் பால்மரத் தோட்டங்களிலும் காண்கிறோம்.

அதற்கு முன் நகரத்தைச் சற்றுப் பார்ப்போம். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய அல்புகர்க்கே, தமிழ் வணிகரான நைனா செட்டியைப் புறச்சமயத்தவர்க்குப் பெண்டகாராவாக அமர்த்தினார். 1514இல் அப்பதவியைப் பறித்துக் கம்பார் மன்னருக்கு அளிக்க முடிவானபோது, அவமானம் பொறாத நைனா செட்டி தீப்பாய்ந்து உயிர்நீத்தார். அவர் சமயத் தலைவரல்லர், சமூகத் தலைவர். ஆயினும், மேலிருப்போர் தந்த தலைமையை மேலிருப்போரே பறிக்கும்போது தலைவரிடம் ஒன்றும் எஞ்சுவதில்லை என்பதை அம்முடிவு காட்டுகிறது. டச்சுக்காரர் காலத்தில் நிலைமை வேறாயிற்று. மலாக்காச் செட்டிகளின் தலைவரான தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு ஆட்சியர் வழங்கிய நிலத்தில் 1781இல் பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் எழுந்தது. தமிழ் பேசுவதை விட்டு மலாய் பேசும் சமூகமாக மாறிய பின்னும் மலாக்காச் செட்டிகள் அக்கோயிலின் உரிமையை அறங்காவலர் வழித் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அன்றாட நிருவாகம் பிற்காலத்தில் நகரத்தார் கைக்குச் சென்றபோதும் உரிமை மாறவில்லை. மொழி போயும் கோயில் நின்றதற்குப் பக்தி மட்டும் காரணம் என்று நாம் கருதவில்லை. நிலத்திற்கு ஆவணம் இருந்தது. ஆவணம் ஒரு தனிமனிதரோடு மறையாமல் சபையின் பெயரில் தொடர்ந்தது.

இனித் தோட்டங்களுக்கு வருவோம். 1890களின் பிற்பகுதியில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கிலும் பின்னர் புக்கிட் அசகானிலும் இரப்பர் பயிரிட்டதோடு மலாயாவின் வணிக முறை இரப்பர்த் தோட்டத் தொழில் மலாக்காவில் தொடங்கியது. அத்தொழிலை நம்பித் தமிழர் கங்காணி முறையில் திரளாக வந்தனர். கங்காணி தம் ஊரிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் ஆள் சேர்த்து வந்தமையால் ஊர்த் தெய்வங்களும் கூடவே வந்தன. மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன் ஆகியோருக்கு முதலில் ஒரு கல்லோ சூலமோ நட்டனர். பின்னர்த் தகரக் கூரை வேய்ந்தனர்.

அக்கோயில்களில் தலைவர் பெரும்பாலும் பெரிய கங்காணியாகவோ பெரிய கிராணியாகவோ இருந்தார். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்தவரே மாலையில் திருவிழா நாளைக் குறித்தார். யார் எந்த நாள் உபயம் செய்வதென்றும் முடிவு செய்தார். கோயில் வரி பல தோட்டங்களில் அலுவலகத்திலேயே சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. துரை திருவிழாவுக்கு ஒருநாள் விடுமுறையும் பலகையும் தகரமும் தந்து, மாலையும் பரிவட்டமும் பெற்றுக்கொண்டார். பூசாரியோ பல இடங்களில் விடியலில் பால்மரம் சீவி, பால் நிறுத்து, குளித்துவிட்டு மாலையில் விளக்கேற்றிய தொழிலாளிதான். வேலையோடு வழிபாட்டையும் சுமந்த வகையில் மோர்மன் சபைத் தலைவரோடு ஒப்பிடத்தக்கவர் தோட்டத்தில் தலைவரல்லர், இந்தப் பூசாரியே என்பது நம் கருத்து. அவருக்குச் சாமி வந்து ஆடும்போது கங்காணியும் கைகட்டி நின்றார். சாமி இறங்கியதும் மறுநாள் கங்காணியின் நிரையில் அவர் நின்றார்.

ஆகவே நம் முதல் வினாவுக்கு விடை தெளிவு. தோட்டத்துக் கோயில் தலைவரை அமர்த்தியது சபையன்று, அவர் வகித்த வேலைப் பதவி. இரண்டாம் வினாவுக்கும் விடை அதிலேயே அடங்கும்: வேலை போனால் தலைமை போயிற்று, வேலை இருக்கும்வரை தலைமையிலிருந்து விடுதலை இல்லை. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தபின் ஆள் சேர்க்கும் அதிகாரத்தை இழந்த கங்காணியின் செல்வாக்குக் குன்றியது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபின், தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்தோர் கோயில் குழுவிலும் இடம்பெறத் தொடங்கினர். தேர்தல் என்னும் வழக்கம் இவர்களோடு கோயிலுக்குள் நுழைந்தது. பூசலும் நுழைந்தது என்பர் சிலர். பூசல் முன்னரும் இருந்தது. வெளியே சொல்லத் துணிவுதான் இல்லை.

இங்குத் தமிழாசிரியரின் பங்கைத் தனியே குறிப்பிடுதல் தகும். தொடக்கக் காலத் தோட்டப் பள்ளிகளில் கங்காணியோ கிராணியோ பாடம் சொன்னதுண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தபின் கோயில் குழுவின் செயலாளர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அழைப்பிதழ் எழுதவும், வரவுசெலவு காட்டவும், துரைக்கு மனுவரையவும் அவரைவிட்டால் ஆளில்லை. முத்துக்குளித்துறைக் கணக்கப்பிள்ளையின் உண்மையான வழித்தோன்றல் இவர்தாம்.

கத்தோலிக்கத் தமிழரிடையே நிகழ்ந்தது சற்று வேறு. 1849இல் மலாக்கா நகரில் கட்டப்பெற்ற புனித சவேரியார் ஆலயத்திலிருந்து தோட்டங்களுக்குக் குருவானவர் எப்போதாவதுதான் வரமுடிந்தது. இடைப்பட்ட ஞாயிறுகளில் செபமாலை சொல்லவும், குழந்தைகளுக்கு மறைக்கல்வி தரவும், அடக்கத்தின்போது செபிக்கவும் உபதேசியார் வேண்டியிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) பொதுநிலையினரின் பங்கை வலியுறுத்தியது. அதன் வழியில் 1976இல் தீபகற்ப மலேசியக் குருக்கள் பினாங்கில் கூடி, அண்டை வீட்டார் சேர்ந்து செபிக்கும் சிறு குழுமங்களை அமைக்கத் திட்டமிட்டனர். அக்குழுமத்தின் தலைமை, தோட்டப் பதவியைச் சார்ந்து நிற்க வேண்டியதில்லை. பெண்களும் அப்பொறுப்பை ஏற்க வழி திறந்தது. கோலமிட்டு, பொங்கலிட்டு, வீடுவீடாகப் பணம் திரட்டியும் தோட்டத்துக் கோயில் குழுவில் பெண்கள் தலைவராக வருதல் அரிதாகவே இருந்ததை நினைக்க, இம்மாற்றம் சிறிதன்று.

சோதனை வந்தது தோட்டங்கள் கைமாறியபோதுதான். 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டதை உங்கு அசிஸ் தலைமையிலான ஆய்வு 1963இல் வெளிக்கொணர்ந்தது. பின்னர் இரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் சென்றன. புதிய நில உரிமையாளர் முன் தலைவர் போய் நின்றபோது அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: நிலத்திற்கு ஆவணம் உண்டா? துரை வாய்மொழியாகத் தந்த இசைவைத் தவிர அவரிடம் ஒன்றுமில்லை. நூறாண்டு பூசை நடந்த இடம் ஒரே நாளில் ‘அனுமதியற்ற கட்டடம்’ ஆயிற்று. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று, ஆண்டுக் கூட்டம் நடத்தி, கணக்கை ஒப்படைத்து வந்த குழுவுக்குப் பேச ஒரு தகுதியேனும் இருந்தது. தலைவரின் சட்டைப்பையிலேயே கணக்கு இருந்த கோயில்களுக்கு அதுவும் இல்லை. மாற்று நிலம் கிடைத்த இடங்களிலும், பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறிப்போன மக்களுள் யார் சபையார் என்பதே வழக்காயிற்று.

இத்தலைவர்களைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. விடுப்பெடுத்து, கைப்பணம் செலவழித்து, நில அலுவலகத்தின் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியவர்கள் அவர்களே. ஆனால் அவர்களை விடுவிக்க யாருமில்லாமையால் இருபது, முப்பது ஆண்டுகள் ஒருவரே தலைவராக இருந்த கோயில்கள் உண்டு. அவர் மறைந்த அன்று சபையின் நினைவும் அவரோடு போயிற்று.

அந்நினைவு எழுத்தில் எஞ்சியிருப்பது கூட்டக் குறிப்பேடுகளிலும் உபயப் பட்டியல்களிலும் திருவிழா வரவுசெலவுப் புத்தகங்களிலும்தான். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் மறைந்த பின்னும் அவற்றின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் பழைய செயலாளர்களின் குடும்பத்தாரை அணுகி, அவ்வேடுகளைப் படியெடுத்து வைப்பார்களாயின், இங்கு நாம் பொதுவாகக் கூறியவற்றைத் தோட்டந்தோறும் பெயரும் ஆண்டும் இட்டுத் திருத்தி எழுத இயலும்.