ஆளுக்கொரு பக்கம்

மென்பொருள் கம்பெனி நண்பர்களிடம் 'அஜைல்' என்று வாயெடுத்தால் போதும், நிறுத்த மாட்டார்கள். வேலையைச் சின்னச் சின்னதாக நறுக்கு, ஆளுக்கொன்றாக எடு, முடிந்ததை எல்லோர் கண்ணிலும் படும்படி வை. என் புத்திக்கு எட்டிய வரை இவ்வளவுதான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி இதற்கொரு சாசனமே எழுதினார்கள். பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது.

சாசனம் வருவதற்கு முன்பே நம்மவர்கள் இப்படி வேலை பார்த்திருக்கிறார்கள். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. ஒருங்கிணைத்த கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில். துணை நின்ற குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவில். தட்டச்சு செய்தவர்களும் பிழை பார்த்தவர்களும் உலகம் முழுக்கச் சிதறி இருந்தார்கள். சம்பளம் கிடையாது. இணையம்தான் ஆபீஸ். அப்படித்தான் திருக்குறள் முதலான நூல்கள் கணினிக்கு வந்தன.

மின்னஞ்சலில் மட்டும் நடக்கிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு. எது யாரிடம் நிற்கிறது என்பது பல நேரம் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். 2000-இல் சார்லஸ் ஃபிராங்ஸ் தொடங்கிய 'டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ்' தளம் இதற்கு வழி கண்டது. முழுப் புத்தகத்தைத் தலையில் கட்டாமல் பக்கம் பக்கமாகக் கொடுத்தது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பார்த்தால் போதும்!

இன்றைய தமிழ் விக்கிமூலமும் இதே வழிதான். அதை இயக்கும் மீடியாவிக்கி, காசில்லாமல் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள். மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு, பார்த்தது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. வங்கிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும், நம்ம மேக்கர்-செக்கர்தானே! ஒருவர் போட்ட எண்ட்ரியை இன்னொருவர் பாஸ் பண்ணினால்தான் கணக்கில் ஏறும்.

சரி, எதற்கு இந்தப் பழங்கதை? தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வீடுகளின் பரண்களில் பழைய சங்க ஆண்டு மலர்கள் மழைக்கால ஈரத்தில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்தவர்கள், 1932-இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கிய காலத்தவர்கள் என்று எத்தனையோ பேரின் கதை இப்படிப்பட்ட தாள்களில்தான் மிஞ்சும். எழுதியவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத்தான் வரவில்லை.

நூறு பக்க மலரைத் தனியாளாகத் தட்டச்சு செய்ய யாருக்கும் பொழுதில்லை. ஆனால் நூறு குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் எடுத்தால்? செம்பூரில் படம் எடுப்பதைத் துபாயில் தட்டச்சு செய்யலாம், நியூஜெர்சியில் சரிபார்க்கலாம். எழுதியவர் மறைந்து 60 ஆண்டு ஆகவில்லை என்றால் வாரிசுகளிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்கும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்பது நல்லது.

பச்சையாக்க ஆள் மெதுவாக வரட்டும். முதலில் சிவப்பாகவாவது ஏற்றி வைப்போம், கரையான் முந்திக்கொள்வதற்குள்.