நாட்டுப்புறப் பாட்டு கேசட்: கடையிலும் இல்லை, யூடியூபிலும் இல்லை... எங்கே, எப்படித் தேடுவது?

ஊர்த் திருவிழாவில் விடிய விடிய ஓடிய கும்மிப் பாட்டு. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் கேட்ட தெம்மாங்கு. டேப் ரெக்கார்டரில் அம்மா திரும்பத் திரும்பப் போட்ட தாலாட்டு. பாட்டு ஞாபகம் இருக்கு, குரலும் ஞாபகம் இருக்கு. ஆனா போனில் தேடினால் வர மாட்டேங்குது. அதே வரிகளை வேறு யாரோ கீபோர்டு வைத்துப் பாடிய புதுப் பதிவுதான் வந்து நிற்கிறது.

இளையராஜா பாட்டு என்றால் படத்தின் பெயர் போதும், அரை நிமிடத்தில் கிடைத்துவிடும். நாட்டுப்புறப் பாட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒரே பாட்டை பத்து ஊரில் பத்து பேர் பாடியிருப்பார்கள். நீங்கள் தேடுவது பாட்டை இல்லை, ஒரு குறிப்பிட்ட குரல் ஒரு குறிப்பிட்ட நாளில் பாடிய பதிவை. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏன் இவ்வளவு அரிதாகிப் போச்சு?

இந்தியாவில் கிராமபோன் ஒலிப்பதிவு 1902-ல் கல்கத்தாவில் தொடங்கியது. அந்தக் கால 78 சுற்று அரக்கு இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் இழுத்தால் மூன்றரை. ராத்திரி முழுக்கப் பாடுகிற வில்லுப்பாட்டை அதில் எப்படி அடக்குவது? அதனால் கம்பெனிகள் கர்நாடக இசை, நாடகப் பாட்டு, பிறகு சினிமா என்று போய்விட்டன. நாட்டுப்புறப் பாட்டு வந்ததெல்லாம் வெட்டிச் சுருக்கிய துண்டுகளாகத்தான். (நீளமான நாடகங்களைப் பல தட்டுகளாகப் பிரித்து 'செட்' போட்டு விற்றார்கள். அப்படிப் பல தட்டுகளை உறைகளோடு சேர்த்துப் புத்தகம் மாதிரி கட்டித் தந்ததால்தான் 'ஆல்பம்' என்ற பெயரே வந்தது.)

நிலைமையை மாற்றியது கேசட். 1980-களில் இசைத்தட்டு ஆலை இல்லாமல், பெரிய முதலீடு இல்லாமல் யார் வேண்டுமானாலும் கேசட் வெளியிடலாம் என்றானது. இந்த மாற்றத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் மானுவல் 1993-ல் 'கேசட் கல்ச்சர்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அவர் பார்த்தது பெரும்பாலும் வட இந்தியா. நம்ம ஊரிலும் கதை அதேதான். மதுரை பல்கலைக்கழகப் பேராசிரியர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் ஊர் ஊராகச் சேகரித்த பாடல்கள், கே.ஏ.குணசேகரனின் மேடைப் பாடல்கள், புஷ்பவனம் குப்புசாமியின் பாட்டுகள் எல்லாம் வீட்டுக்கு வீடு போனது கேசட்டில்தான்.

இவை ஓரளவு கிடைக்கும். தேடுபவர்களைத் திணறடிப்பது அடுத்த அடுக்கு. மாவட்டத் தலைநகரில் ஒரு சின்ன கம்பெனி, உள்ளூர் குலசாமி பேரில் ஒரு கேசட், குறைந்த பிரதிகள், அந்தச் சுற்றுவட்டாரத் திருவிழாக் கடைகளில் மட்டும் விற்பனை. கேசட் போய் சிடி வந்ததும் கம்பெனி மூடப்பட்டது. சினிமாப் பாட்டு உரிமையை வாங்கப் பெரிய நிறுவனங்கள் வரிசையில் நின்றன. குலசாமிப் பாட்டை வாங்க யார் வருவார்? மாஸ்டர் டேப்பைப் பாதுகாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்படித்தான் நடந்தாக வேண்டும் என்றில்லை. மோசஸ் ஆஷ் என்பவர் 1948-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபோக்வேஸ் நிறுவனம் 2,168 ஆல்பங்களை வெளியிட்டது. 1987-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டபோது ஒரே ஒரு நிபந்தனை: விற்கிறதோ இல்லையோ, ஒரு ஆல்பம்கூட 'ஸ்டாக் இல்லை' என்று ஆகக் கூடாது. இன்றும் யாராவது கேட்டால் தருகிறார்கள். அப்படி ஒரு நிபந்தனை போட நம்மிடம் ஆள் இல்லை. அதனால் நாமேதான் தேடணும்.

முதல் கேள்வி: அது விற்பனைக்கு வந்த கேசட்தானா?

இதைக் கேட்காமலேயே வருஷக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. நீங்கள் கேட்டது வானொலிப் பதிவாக இருக்கலாம். கொல்லங்குடி கருப்பாயி 1985-ல் 'ஆண்பாவம்' படத்தில் வந்து எல்லோருக்கும் தெரிந்த முகமானார். அதற்கு முன்பே அவர் வானொலியில் பாடியவர். ஆகாசவாணி நிலையங்கள் ஒலிபரப்பிய இப்படிப்பட்ட பதிவுகள் பல, கடைக்கு வந்ததே இல்லை. அப்படியானால் கேசட் கடைகளில் தேடிப் பயனில்லை, வானொலி நிலையத்தில்தான் விசாரிக்கணும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் கடை. பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால், சோனி அல்லது டிடிகே காலிக் கேசட்டில் பதிந்து தருவார்கள். உங்கள் வீட்டில் 'நாட்டுப்புறப் பாட்டு' என்று பேனாவில் எழுதிய கேசட் இருந்தால், அது நாலைந்து ஆல்பங்களின் கதம்பமாக இருக்கலாம். ஒரு பக்கத்தில் நாலு குரல் வருகிறதா, ஒவ்வொரு பாட்டுக்கும் சத்தத்தின் அளவு மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் அது கதம்பம். ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகத் தேட வேண்டியிருக்கும்.

பாட்டு வரியை விடுங்க, எண்ணைப் பிடிங்க

பலரும் பாட்டின் முதல் வரியைப் போட்டுத் தேடுவார்கள். நாட்டுப்புறப் பாட்டில் அது கைகொடுக்காது. பாடுபவருக்கு ஏற்ப, ஊருக்கு ஏற்ப முதல் வரியே மாறிவிடும். கேசட்டின் தலைப்போ பெரும்பாலும் சாமி பெயர், ஊர் பெயர், இல்லை 'கிராமிய கீதங்கள்' மாதிரி பொதுப் பெயர்.

நம்பகமான அடையாளம் கம்பெனி பெயரும் வெளியீட்டு எண்ணும்தான். கேசட் உறையின் முதுகுப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். இசைத்தட்டு என்றால் நடுவில் ஒட்டிய லேபிளில் இருக்கும். லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் கீறிய மாதிரி இன்னொரு எண்ணும் தெரியும். லேபிள் கிழிந்து போனாலும் அந்த எண் போகாது. டிஸ்காக்ஸ் மாதிரி இசைத்தட்டுப் பட்டியல் தளங்களில் தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள். எண் மட்டும்தான் எல்லோருக்கும் ஒன்று.

எண் தெரியாதா? ஊரைக் கண்டுபிடியுங்கள். பாட்டில் வரும் சாமி, ஆற்றின் பெயர், உறவுமுறைச் சொல், பேச்சு வழக்கு எல்லாமே துப்புதான். 1958-ல் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி', 1964-ல் நா.வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' போன்ற புத்தகங்களில் உங்கள் பாட்டோ அதன் உறவுக்காரப் பாட்டோ இருக்கலாம். எந்த வட்டாரத்துப் பாட்டு என்பது பிடிபட்டால், அந்தப் பக்கத்து ஊர்களில் அப்போது கேசட் போட்டவர்கள் யார் என்று விசாரிக்கலாம். இந்தப் புத்தகங்களில் வார்த்தை இருக்கும், மெட்டு இருக்காது. அதனால்தான் பழைய ஒலிப்பதிவுக்கு இவ்வளவு மதிப்பு.

உண்மையான புதையல் மைக் செட்காரரிடம்

பழைய இசைத்தட்டு என்றால் எல்லோரும் சென்னை மூர் மார்க்கெட் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் பழைய கட்டடம் 1985-ல் தீயில் போய்விட்டது. மும்பை சோர் பஜாரில் இன்றும் இசைத்தட்டுக் கடைகள் உண்டு, ஆனா அங்கே இந்தி சினிமாதான் ராஜா. இணையத்தில் விற்பவர்கள் 'ரேர்' என்று ஒரு வார்த்தை சேர்த்து விலையை ஏற்றுவார்கள். அந்த வார்த்தையை நம்பி வாங்க வேண்டாம். உறை, எண், இரண்டு பக்கமும் ஓடுகிற ஒலித் துண்டு மூன்றையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு பணம் அனுப்புங்கள்.

நம்ம ஊர் நாட்டுப்புறப் பதிவுகள் அதிகம் தங்கியிருக்கும் இடம் வேறு. கிராமங்களில் மைக் செட், ரேடியோ செட், சவுண்ட் சர்வீஸ் என்று சொல்வார்களே, அவர்கள்தான். யோசித்துப் பாருங்கள். கொடை விழாவுக்குக் கொடை விழாப் பாட்டு வேணும், காதுகுத்துக்குத் தாய்மாமன் பாட்டு வேணும், இழவு வீட்டுக்கு ஒப்பாரி வேணும். எந்த நேரத்தில் எதைக் கேட்பார்கள் என்று தெரியாது, அதனால் எல்லாவற்றையும் வாங்கி வைப்பது அவர்களுக்குத் தொழில். பக்கத்து செட்காரரிடம் இல்லாத பாட்டு தன்னிடம் இருப்பது கௌரவம். அந்தப் போட்டியில் வாங்கிய பெட்டிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. பென் டிரைவ் வந்த பிறகு யாரும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. கோயில் நிர்வாகிகளைக் கேட்டால், முப்பது வருஷத்துக்கு முன் திருவிழாவுக்கு செட் போட்டவர் யார் என்று சொல்லிவிடுவார்கள். பழைய குழாய் ஸ்பீக்கர், பிளேயரை இன்னும் ஓட்டிக் காட்டி வீடியோ போடும் சவுண்ட் சர்வீஸ்காரர்களும் இருக்கிறார்கள். போனதும் 'எவ்வளவுக்குத் தர்றீங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். அண்ணனாகவோ ஐயாவாகவோ கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பாட்டுக்கு எந்த ஊரில் சாமி வந்து ஆடினார்கள் என்பது வரைக்கும் அவர் சொல்வார். அந்தத் தகவல் எந்த உறையிலும் அச்சாகியிருக்காது. விற்க மனமில்லை என்றால் அவர் வீட்டிலேயே வைத்துப் பதிந்துகொள்ள அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

பழைய இரும்புக் கடைகளில் தேடலாமா? தேடலாம். ஆனா அங்கே வந்து சேர்வதற்குள் கேசட்டிலிருந்து உறை பிரிந்திருக்கும்.

ஆவணக் காப்பகங்களில் என்ன இருக்கிறது?

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இசைத்தட்டுகளும், கிராமபோன் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. இந்தப் பாட்டுப் புத்தகங்களை அலட்சியமாக நினைக்காதீர்கள். பாடியவர் பெயரும் தட்டு எண்ணும் அதில் கிடைக்கலாம்.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் தென் மாவட்டங்களின் வழக்காறுகளைப் பதிவு செய்வதற்குப் பெயர் பெற்றது. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து போன்றவற்றைத் தேடுபவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அது. 1982-ல் தொடங்கி, இப்போது டெல்லிக்கு அருகே குருகிராமில் இயங்கும் இனவரைவு இசையியல் காப்பகம், வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே பதிவு செய்து எடுத்துப் போன ஒலிகளின் பிரதிகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர் ஆர்னால்ட் பாக்கே 1938-39-ல் தென்னிந்தியாவில் செய்த பதிவுகள் இப்படித்தான் நம் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தன.

காப்பகத்தில் போய்க் கேட்கலாம். ஆனா பிரதி எடுத்துத் தருவதற்கு விதிமுறை உண்டு. முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, என்ன தேடுகிறீர்கள், எதற்கு என்று எழுதிவிட்டுப் போவது நல்லது.

கேசட் கிடைச்சாச்சு. உடனே போடலாமா?

வேண்டாம்! தேடி அலைந்தவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு டேப்பில் பூஞ்சை பிடிக்கும், வெள்ளைப் பொடி மாதிரி தெரியும். அதைப் பிளேயரில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். டேப்புக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்துவிட்டதா என்றும் பாருங்கள். விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும், ரிப்பேர் தெரிந்தவர் வேறு பஞ்சு மாற்றித் தருவார்.

எல்லாம் சரியாக இருந்தால், மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாவாங்களை உடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு தவறி ரெக்கார்ட் பட்டன் அமுங்கினாலும் பாட்டு அழியாது. கடைசி வரை ஒரு முறை ஓட்டி, திரும்பச் சுற்றி, அதன் பிறகு போடுங்கள். முதல் ஓட்டத்தையே பதிவு செய்துவிடுங்கள், இரண்டாவது ஓட்டம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கேபிள் மூலம் கணினிக்கு எடுத்து, ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் பதியலாம். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சலை நீக்கிய பிரதியைத் தனியாக வைத்துக்கொண்டு, மூலத்தை அப்படியே விடுங்கள்.

அரக்கு இசைத்தட்டைச் சுத்தம் செய்ய ஸ்பிரிட், சானிடைசர் எதையும் தொடாதீர்கள். ஆல்கஹால் அரக்கையே கரைத்துவிடும். எல்பி ஊசியை வைத்து 78 தட்டை ஓட்டவும் கூடாது. அதன் பள்ளம் அகலம், அதற்கென்று தனி ஊசி வேணும்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கு. காந்த நாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் 2025 வாக்கில் அவற்றில் பெரும்பகுதி நிரந்தரமாக நம் கையை விட்டுப் போகலாம் என்று 2019-லேயே யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி ஆவணக் காப்பகச் சங்கமும் எச்சரித்தன. டேப் நன்றாக இருந்தாலும், அதை ஓட்டுகிற மெஷினும் பழுது பார்க்கிற ஆளும் குறைந்துகொண்டே வருவதுதான் அதில் பெரிய சிக்கல்.

யூடியூபில் ஏற்றலாமா?

'நாட்டுப்புறப் பாட்டு எல்லோருக்கும் சொந்தம்தானே' என்று தோன்றும். பாட்டு பொதுச் சொத்தாக இருக்கலாம், ஆனால் ஒலிப்பதிவு அப்படி இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1964-லும் அதற்கு முன்பும் வெளியான இசைத்தட்டுகளுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1985-ல் வந்த கேசட்டுக்கு 2045 டிசம்பர் 31 வரை உரிமை இருக்கு, கம்பெனி மூடியிருந்தாலும்.

வீட்டில் கேட்க உங்களுக்காக ஒரு பிரதி எடுத்துக்கொள்வதில் சிக்கல் வராது. பொதுவெளியில் ஏற்றுவது வேறு. கம்பெனி நடத்தியவரோ அவர் வாரிசோ இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பாடியவர் உயிரோடு இருந்தால் அவரையும் போய்ப் பாருங்கள். சின்ன கம்பெனிகளில் ஒரே தடவை ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பாடிவிட்டுப் போனவர்கள் நிறைய பேர். தன் கேசட்டே தன்னிடம் இல்லாதவர்களும் அதில் உண்டு. முதல் பிரதியை அவர்களிடம் கொடுங்கள்.

உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள். பாடியவர், பக்கவாத்தியம், கம்பெனி, எண், ஊர், யாரிடம் கிடைத்தது என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். நாளைக்கு அதே குரலைத் தேடி வருபவருக்கு வெறும் 'பழைய பாட்டு 1' என்று கிடைத்தால், அவர் மறுபடியும் மைக் செட்காரர் வீட்டு வாசலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.