எஸ்.ஐ. வெற்றிவேலை ஏன் மறக்கக் கூடாது?

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். ஒரு போலீஸ்காரரைப் பத்தினது. முழுசா படிங்க, கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கு.

2/ 2010 ஜனவரி 7, திருநெல்வேலி மாவட்டம். ஆழ்வார்குறிச்சி எஸ்.ஐ. வெற்றிவேலை அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கும்பல் வழிமறித்து, நாட்டு வெடிகுண்டு வீசி, அரிவாளால் வெட்டிட்டு ஓடிடுச்சு. குறி வேறொரு எஸ்.ஐ.க்கு, ஆள் மாறி இவர் மாட்டினார்னு அப்போ செய்தி வந்தது.

3/ அவர் அந்த இடத்திலேயே சாகல. ரோட்டில் உயிரோட கிடந்தார். அந்த வழியா ரெண்டு அமைச்சர்களின் கார்கள் வந்து நின்றன. ஒருவர் சுகாதாரத் துறை அமைச்சர். கூடவே அதிகாரிகள். வெற்றிவேல் கையைத் தூக்கி உதவி கேட்டார். எழுந்திருக்கப் பார்த்து விழுந்தார். ஒரு கேமரா இதைப் பதிவு செய்தது.

4/ பல நிமிஷம் கழிச்சுத்தான் வண்டியில் ஏத்தினாங்க. உயிர் பிழைக்கல. வீடியோ நாடு முழுக்க ஓடியது. உதவி செய்தோம்னு அமைச்சர்கள் தரப்பில் விளக்கம் வந்தது. அது அரசியல் சண்டையாகி, அப்படியே அமுங்கிப்போச்சு.

5/ அரசு ஆஸ்பத்திரி டாக்டரா எனக்கு அந்த வீடியோவில் தெரிவது வேற. ஒரு பெரிய ஆளுக்கு உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் 2 லிட்டர் போனாலே உயிருக்கு ஆபத்து. தொடையின் பெரிய தமனி அறுந்தா சில நிமிஷம்தான். அத்தனை பேர் சுத்தி நின்னும், காயத்தை அழுத்திப் பிடிக்கும் ஒரு கை அந்தக் காட்சியில் இல்லை.

6/ அமைச்சர்களை மட்டும் திட்டிட்டு நகர்ந்துடாதீங்க. காட்டாங்குளத்தூர் ஜிஎஸ்டி ரோட்டில் பைக் விபத்து நடந்தா நாம என்ன செய்யறோம்? வட்டமா நிக்கறோம், போனை எடுக்கறோம். 'தொட்டா போலீஸ் கேஸ் ஆகிடும்'.

7/ அந்த பயத்துக்கு இப்போ இடமில்லை. போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காம முதலில் சிகிச்சை கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1989லயே சொல்லிடுச்சு. சாலை விபத்தில் உதவுறவங்களுக்கு 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்பு தருது.

8/ 108 தமிழ்நாட்டில் 2008லயே வந்தாச்சு. ஆனா எவ்வளவு வேகமா வந்தாலும் வர்ற வரைக்கும் ஒரு இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியில் பக்கத்தில் இருக்கப்போறது டாக்டர் இல்லை, நீங்க.

9/ செய்ய வேண்டியது:
• 108க்கு போன்.
• கையில் கேரி பேக் மாட்டிக்கிட்டு, சுத்தமான துணியை காயத்தில் வெச்சு முழு பலத்தோட அழுத்துங்க. எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க.
• கை, காலில் ரத்தம் பீய்ச்சி அடிச்சு, அழுத்தியும் நிக்கலையா? காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணியால் கட்டி, ஒரு குச்சி செருகி ரத்தம் நிக்கிற வரை முறுக்குங்க. கட்டிய நேரத்தைக் குறிச்சு வைங்க. நீங்களா அவிழ்க்காதீங்க.
• குடிக்கத் தண்ணி கொடுக்காதீங்க.

10/ 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் கால் சிதைஞ்ச பலருக்கு அங்க நின்னவங்களே பெல்ட்டையும் துணியையும் வெச்சுக் கட்டினாங்க. 260க்கும் மேல் காயம், இறந்தது 3 பேர்.

11/ வெற்றிவேலுக்கு யாராவது கட்டுப் போட்டிருந்தா பிழைச்சிருப்பார்னு நான் சொல்லல. காயம் கொடூரமானது. ஆனா அந்த வாய்ப்பைக்கூட நாம அவருக்குக் கொடுக்கல.

12/ 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கில் சீனப் படை சுட்டதில் 10 போலீஸ்காரர்கள் இறந்தாங்க. அந்த நாளில் வருஷா வருஷம் பணியில் உயிர்விட்ட போலீஸ்காரர்களுக்கு வீரவணக்கம் செலுத்தறாங்க. நாம மரியாதை செய்ய மைதானம் வேண்டாம்.

13/ இன்னைக்கு வீட்டில் ஒரு துண்டையும் கரண்டியையும் எடுத்து, உங்க தொடையில் ஒரு தடவை கட்டிப் பாருங்க. ரொம்ப முறுக்க வேண்டாம், பழகினா போதும். அடுத்த தடவை கூட்டத்தில் நிக்கும்போது அவர் தூக்கின கை ஞாபகம் வரட்டும்.